துப்பாக்கி வாங்கியாச்சு, பயிற்சி எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். டெக்சாஸில் குடும்பத்தோடு இருக்கிறீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டது. நாட்டு நடப்பைப் பார்த்து மனசு சரியில்லாமல் ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கினீர்கள். யூடியூப் பார்த்துக் கையாளக் கற்றுக்கொண்டீர்கள், ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) சுட்டால் பெரும்பாலும் குறியில்தான் படுகிறது. லைசென்ஸே கட்டாயமில்லாத மாநிலத்தில், தற்காப்புப் பயிற்சி என்று சில நூறு டாலர் செலவழிப்பது அவசியமா, இல்லை அது பயிற்சியாளர்கள் பிழைப்புக்குச் சொல்வதா? உங்கள் மனைவியும் வகுப்புக்கு வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாத கேள்வி ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நிலைமை இன்னும் கெட்டால் என் வீட்டாரை என்னால் காப்பாற்ற முடியுமா என்பது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் பல வருஷமாக இந்த மாநிலத்தில் கைத்துப்பாக்கி வகுப்பு எடுப்பவன். ஆகவே இதில் எனக்கு ஆதாயம் உண்டு, அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். வக்கீல் இல்லை. சட்டம் பற்றி நான் சொல்வது வகுப்பில் சொல்லும் அளவுக்குத்தான்.

அவசியம் போங்கள். ஆனால் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொள்ள அல்ல. அது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். பயந்திருக்கும் நேரத்தில் எப்போது சுடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகப் போங்கள். காலம் நிச்சயமில்லாமல் இருக்கும்போதுதான் துப்பாக்கி அதிகம் விற்கிறது. 2020இல், கொரோனாவும் தெருப் போராட்டங்களும் சேர்ந்த வருஷத்தில், துப்பாக்கி வாங்குபவர்களைப் பற்றி எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை முறைக்கு ஏறத்தாழ 3.97 கோடி கோரிக்கைகள் போயின. அதற்கு முன் எந்த வருஷமும் அவ்வளவு போனதில்லை. (ஒரு சோதனை என்றால் ஒரு விற்பனை என்று கணக்கில்லை, லைசென்ஸ் புதுப்பிப்பும் அதில் சேரும்.) 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கி உரிமையாளர் ஆனார்கள் என்று ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பயத்தில் வாங்கியவர் பயத்தோடுதான் அதைக் கையில் எடுப்பார். அந்த நிலையில் கதவு தட்டும் சத்தம்கூட வேறு மாதிரி கேட்கும். பயிற்சி உங்களுக்கு எல்லா வருஷமும் தேவைதான், இப்போது கூடுதலாகத் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

ரேஞ்சில் குறியில் படுகிறது என்றீர்கள். நல்லது. ஆனால் அங்கே வெளிச்சம் இருக்கிறது, காகிதம் அசையாமல் நிற்கிறது, எப்போது சுடுவது என்று முடிவு செய்பவர் நீங்கள். நியூயார்க் நகரப் போலீஸ் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களில், எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸார் சுட்டவற்றில் சராசரியாக 18 சதவீதம்தான் பட்டிருக்கிறது. திருப்பிச் சுடாதபோதுகூட 30 சதவீதம்தான். இவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வருஷா வருஷம் சுடும் தேர்வில் தேறுகிறவர்கள். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் துப்பாக்கி நீட்டிய ஒருவனை நோக்கி இரண்டு போலீஸார் 16 குண்டுகள் சுட்டார்கள். அவன் இறந்தான். கூடவே வழிப்போக்கர்கள் 9 பேர் காயப்பட்டார்கள், அத்தனை பேரும் போலீஸ் குண்டாலும் அதன் சிதறலாலும். படாத குண்டு மறைந்துபோவதில்லை, எங்கோ போய் நிற்கிறது. உங்கள் வீட்டின் உள்சுவர் டிரைவால் (மெல்லிய ஜிப்சம் பலகை) என்றால், 9 எம்எம் தோட்டா ஒரு சுவரோடு நின்றுவிடும் என்று நம்பவே வேண்டாம். படுக்கையறைக் கதவிலிருந்து கூடத்தை நோக்கிக் குறி பார்த்தால், அந்தக் கோட்டின் கடைசியில் பிள்ளைகள் படுக்கும் அறை இருக்கிறதா? இன்று ராத்திரி துப்பாக்கியைத் தொடாமல், வெறும் கையால் வீட்டுக்குள் நடந்து அதைப் பாருங்கள். வகுப்பிலும் இதுதான் முதல் வீட்டுப்பாடம்.

உடம்பும் அந்த நேரத்தில் ஒத்துழைக்காது. பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல் குறுகும், சத்தம் மங்கும் அல்லது கேட்காமலே போகும், விரல் நுனியின் நேர்த்தி குறையும், நேரம் மெதுவாக ஓடுவதாகத் தோன்றும். இவை நிஜச் சம்பவத்தில் சிக்கியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னவை, இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சில வகுப்புகளில் பலகையில் எழுதிக் காட்டுவார்கள்: இதயத் துடிப்பு இத்தனை வந்தால் இந்தத் திறமை போகும், அத்தனை வந்தால் அந்தத் திறமை போகும் என்று துல்லியமான எண்கள். அந்த எண்களுக்கு உறுதியான அடித்தளம் கிடையாது. ஓடிக் களைத்த துடிப்பும் பயந்த துடிப்பும் ஒன்றல்ல. அப்படி ஒரு பட்டியலை வேதவாக்காகச் சொல்லும் பயிற்சியாளரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள்.

யூடியூப் தராத ஒன்றைச் சொல்கிறேன். மேகசினில் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில்) நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத இரண்டு மூன்று டம்மித் தோட்டாக்களைக் கலந்து வேறொருவர் நிரப்பித் தருவார். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாது. சுட்டுக்கொண்டே வருவீர்கள். டம்மி வந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், வெடி இருக்காது. அந்த நொடியில் குழலின் முனையைப் பாருங்கள்: பெரும்பாலானவர்களுக்கு அது சட்டென்று கீழே குத்தும். வெடியை எதிர்பார்த்துக் கை தானாகவே முன்னால் தள்ளுகிறது. நிஜத் தோட்டா வெடிக்கும்போது இந்தத் தள்ளல் உதைப்புக்குள் ஒளிந்துகொள்வதால் சுடுபவருக்குத் தெரிவதே இல்லை. குண்டு ஏன் கீழே இடப்பக்கம் போகிறது என்று துப்பாக்கியின் குறிபார்க்கும் சைட்டைத் திருகிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நின்று கையைப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்கள் இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடும். தோட்டா சிக்கினால் சரி செய்வது, ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இயக்குவது, உடையில் மாட்டிக்கொள்ளாமல் உறையிலிருந்து எடுப்பது, இவையும் அப்படித்தான். முக்கியமாகத் திரும்ப உறைக்குள் வைப்பது. தொடையில் சுட்டுக்கொள்ளும் விபத்துகள் நிறைய நடப்பது வைக்கும்போதுதான். சட்டை நுனியோ விரலோ டிரிகர் பாதுகாப்பு வளையத்துக்குள் போய்விடும். எடுப்பதில் அவசரம் இருக்கலாம், வைப்பதில் எந்த அவசரமும் இல்லை.

இதெல்லாம் கைவேலை. நல்ல தற்காப்பு வகுப்பில் இது பாதிகூட வராது. மீதி முழுக்க முடிவெடுப்பது. 1992 அக்டோபரில் லூயிசியானாவின் பேட்டன் ரூஜில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயது மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் தவறான வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் பெரிய ரிவால்வரோடு வந்து சுட்டார், பையன் இறந்துவிட்டான். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். பெற்றோர் போட்ட சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2023 ஏப்ரலில் மிசூரியின் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துப்போக வந்த 16 வயதுப் பையன் தெருப் பெயர் குழம்பி வேறு வீட்டு மணியை அடித்தான். 84 வயது முதியவர் கண்ணாடிக் கதவு வழியாகச் சுட்டார். தலையிலும் கையிலும் குண்டு பட்டும் பையன் பிழைத்தான். முதியவர் 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை அறிவிக்கும் முன்பே இறந்தார். இந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் குறி தவறவில்லை. எதிரில் நிற்பவர் யார் என்று பார்க்கும் முன்பே பயம் முடிவெடுத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்கள் இதை இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும். நாளை தவறான வாசலில் மணி அடிப்பது உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

இதைத்தான் வகுப்பில் பழக்குகிறோம். இருட்டு அறை. உங்கள் கையில் டார்ச்சும், சுட முடியாத நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கியும். கதவுக்குப் பின்னால் ஒருவர் நிற்பார், கையில் ஏதோ இருக்கும். அது போனா, சாவிக்கொத்தா, கத்தியா என்று வெளிச்சம் அடித்துப் பார்த்து, வாய் திறந்து பேசி, அதற்குப் பிறகே அடுத்த முடிவு. முதல் சுற்றிலேயே போன் வைத்திருந்தவரை ‘சுட்டுவிட்டு’ முகம் வெளுத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாகக் குறி பார்த்துச் சுடுகிறவர்களும் அதில் உண்டு. பிளாஸ்டிக் துப்பாக்கியோடு வகுப்பறையில் அந்த அதிர்ச்சி வந்துவிடுவது பெரிய புண்ணியம். வீட்டில் ராத்திரி சத்தம் கேட்டால் தேடிப் போகாதே, பிள்ளைகளை ஓர் அறையில் சேர், கதவைப் பூட்டு, 911 அவசர எண்ணைக் கூப்பிட்டு லைனிலேயே இரு என்பதுதான் நாங்கள் சொல்லித் தரும் திட்டம். ஆளைத் தேடி மூலை மூலையாகப் போவது பயிற்சி பெற்ற போலீஸ் குழுவுக்கே ஆபத்தான வேலை. தனி ஆளுக்கு அது வேண்டாம்.

சட்டத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், தகுதியுள்ள 21 வயதானவர் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. ஆனாலும் நான் எல்லோரையும் லைசென்ஸ் எடுக்கவே சொல்கிறேன். ஒன்று, பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதைத் தடுக்கும் மத்திய அரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மாநிலம் தந்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகிறவர் எத்தனை பேருக்கு இது தெரியும்? இரண்டாவது, லைசென்ஸுக்கு ஒரு வகுப்பு உண்டு, 4 முதல் 6 மணி நேரம். ஆயுதச் சட்டம், உயிர்போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தும் சட்டம், சண்டையைப் பேசித் தீர்ப்பது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பத்திரமாக வைப்பது எல்லாம் அதில் கட்டாயப் பாடம். ஒரு சுடும் தேர்வும் உண்டு: 3, 7, 15 கெஜத் தூரங்களிலிருந்து 50 தோட்டா. உண்மையைச் சொன்னால் அந்தத் தேர்வு சுலபம். அதில் தேறியதைத் தற்காப்புப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லினாயில் 16 மணி நேரமும், நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்போடு 2 மணி நேர நேரடிச் சுடும் பயிற்சியும் கேட்கிறார்கள். ஊர் மாறினால் சட்டமும் மாறும், காரில் மாநில எல்லை தாண்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

டெக்சாஸில் தற்காப்புச் சட்டம் வீட்டுக்காரருக்குச் சாதகமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். இருக்க உரிமையுள்ள இடத்தில், நீங்கள் தூண்டிவிடாமல், குற்றம் எதுவும் செய்துகொண்டிராமல் இருந்தால், பின்வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. ஆனால் அதே தண்டனைச் சட்டத்தின் 9.05 பிரிவைப் படித்தவர் குறைவு: எதிராளியைச் சுட்டது நியாயமே ஆனாலும், பொறுப்பில்லாமல் சுட்டு சம்பந்தமில்லாத ஒருவரைக் காயப்படுத்தினாலோ கொன்றாலோ, அந்த ஆளின் விஷயத்தில் தற்காப்பு என்ற நியாயம் உங்களுக்குக் கிடைக்காது. அப்புறம் ‘21 அடி விதி’ என்று ஒன்று உலவுகிறது. சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார், அதற்குள் உறையிலிருந்து எடுத்துச் சுடுவது கடினம் என்று அவர் காட்டினார். தூரத்தைப் பற்றிய எச்சரிக்கை அது. 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடுத்ததைச் சொல்லாமல் என்னால் எந்த வகுப்பையும் முடிக்க முடிவதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். 2021இல் 48,830 பேர் இறந்தார்கள், அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிபோர்னியாவில் கோடிக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வந்த ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம் இல்லாதவர்களைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு இருந்தது. வேலை போய், விசா சிக்கலாகி, ஊரில் அப்பா அம்மா உடம்பு சரியில்லாமல் என்று எல்லாம் சேர்ந்து வரும் காலம்தான் நிச்சயமில்லாத காலம். வீட்டில் யாருக்காவது மனசு மிகவும் சோர்ந்திருந்தால், துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு வெளியே வைக்க ஏற்பாடு செய்யுங்கள், 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. மற்ற நாட்களில், கையில் இல்லாத நேரமெல்லாம் அது பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும். விரல் பட்டதும் திறக்கும் சிறிய பெட்டகங்கள் கட்டிலருகே பொருத்தக் கிடைக்கின்றன. 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விட்டால் டெக்சாஸில் அது குற்றம். அலமாரியின் மேல்தட்டை ஒளிவிடம் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். பிள்ளைகளுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும்.

சரி, பயிற்சி எடுத்தால் பாதுகாப்பு கூடும் என்பது நிரூபணமான விஷயமா? இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். பயிற்சி எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டு, தற்காப்பில் இவர்கள் இத்தனை மடங்கு தேறினார்கள் என்று காட்டும் வலுவான ஆய்வு என் கையில் இல்லை. 1995இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பயிற்சி பெற்றவர்களே வீட்டில் துப்பாக்கியை நிரப்பி, பூட்டாமல் வைத்திருப்பது கூடுதல் என்று கண்டது. எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் அது எங்கள் தொழிலுக்கு ஓர் எச்சரிக்கை: எடு, சுடு என்று மட்டும் கற்றுத் தந்தால் ஆபத்தைத்தான் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். வருஷத்துக்கு எத்தனை பேர் துப்பாக்கியால் தற்காத்துக்கொள்கிறார்கள் என்ற கணக்கும் அப்படித்தான். எப்படிக் கேட்டுக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு லட்சத்துக்கும் குறைவிலிருந்து 25 லட்சம் வரை போகிறது. இவ்வளவு அகலமான எண்ணை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. பயிற்சி போ என்று நான் சொல்வது அனுபவத்திலிருந்தும், பழகாத காரியம் பதற்றத்தில் கைகொடுக்காது என்ற பொது அறிவிலிருந்தும் சொல்வது.

ஆகவே வகுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டும் முன் பாடத்திட்டம் கேளுங்கள். சட்டம், பத்திரமாக வைத்தல், முடிவெடுக்கும் சூழல் பயிற்சி, ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவி நான்கும் இருக்க வேண்டும். டூர்னிகே (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டத் தெரிவது, துப்பாக்கியே இல்லாத சாலை விபத்திலும் உயிர் காக்கும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். சுடும் வரிசையில் ஐந்தாறு பேருக்கு மேல் ஒருவர் மட்டும் கவனித்தால் நான் என் பிள்ளையை அனுப்பமாட்டேன். மாணவர்கள் பக்கம் குழலைத் திருப்பி விளக்கும் பயிற்சியாளர், நாடு கவிழப் போகிறது என்று பயமுறுத்தியே பாடம் நடத்துபவர், சம்பவத்துக்குப் பிறகு போலீஸிடம் இப்படிப் பொய் சொல் என்று சிரித்துக்கொண்டே சொல்பவர், இவர்களிடமிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். முடித்த பிறகும் கை மறக்கும். தோட்டா முழுவதையும் வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை) கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை சோதித்துவிட்டு, குண்டு தாங்கும் சுவரைப் பார்த்து வெறும் துப்பாக்கியில் பத்து நிமிஷம் பழகுவது செலவில்லாத பயிற்சி. முடிந்ததும் முடிந்ததுதான், ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று திரும்ப எடுக்கும்போதுதான் தொலைக்காட்சிப் பெட்டிகள் உடைகின்றன, சில வீடுகளில் அதைவிட மோசமாகவும் நடக்கிறது.

மனைவி விஷயம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் அதைப் பாதுகாப்பாகக் கையாளவும், என்ன திட்டம் என்றும் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே அவரும் வருவது நல்லது. ஆனால் அவர் எந்த நிலையில் இங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடமும் கிரீன் கார்டு இருந்தால் சிக்கல் இல்லை. எச்-1பி (வேலை), எச்-4 (அவர்கள் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் மாட்டும். மீறினால் சிறையோடு போகாது, குடியேற்றமே கெடும். அப்படியென்றால் அவர் துப்பாக்கியைத் தொடாத சட்ட வகுப்புக்கும் முதலுதவி வகுப்புக்கும் தாராளமாக வரலாம். சுடும் பகுதிக்கு வேண்டாம், பெட்டகத்தின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். ஒரே வீட்டில் இதை எப்படி ஒழுங்கு செய்வது என்று, துப்பாக்கிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அதைச் செய்யுங்கள்.